கதவு ஸ்பீக்கருக்கு ஸ்பேசர்: எதற்கு, எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பொருளில்?

ஸ்பேசர் என்பது ஸ்பீக்கருக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவில் வைக்கும் தடித்த வளையம், ரிங் என்றும் சொல்வோம். நீங்கள் கேட்டது இது. பழைய ஸ்விஃப்ட் காரின் முன் கதவுகளுக்கு 6.5 இன்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டீர்கள். ஒரு கடையில், "ஸ்பேசர் வைக்காமல் மாட்டினால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்கும்" என்கிறார்கள். இன்னொரு கடையில், "அதெல்லாம் தேவையில்லை, நேராகவே மாட்டித் தருகிறோம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி, ஸ்பேசர் போடுவதானால் எவ்வளவு தடிமன், எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) நல்லதா, ரெடிமேட் பிளாஸ்டிக் ரிங் நல்லதா?

போடுங்கள் என்பதுதான் என் பதில். கண்ணாடி இடிக்காது என்று அளந்து உறுதியான பிறகும் போடுங்கள். கண்ணாடிக்கு இடம் விடுவது ஸ்பேசரின் ஒரு வேலை. ஸ்பீக்கரைக் கதவோடு அசையாமல், காற்று கசியாமல் பிடித்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. பேஸ் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. என் வண்டி, சொந்தக்காரர்கள் வண்டி, நண்பர்கள் வண்டி என்று பதினைந்து வருடமாகக் கதவுகளைக் கழற்றி மாட்டிவருகிறேன். விலை கூடிய ஸ்பீக்கரைத் தகரத்தில் நேரடியாக முடுக்கியதையும், சாதாரண ஸ்பீக்கரை நல்ல ரிங்கில் உட்கார வைத்ததையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். இரண்டாவதுதான் கேட்க நன்றாக இருந்தது.

முதலில் கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். ஆடிச் சத்தம் எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. கதவில் பதியும் விளிம்புக்கும் கோனுக்கும் நடுவில் ஒரு சுவர் போல உயர்ந்து நிற்கும். பல கார்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இருக்கும். காந்தமோ சின்னது, அதிக ஆழம் போகாது. சரி, இப்போது புதிதாக வாங்கியதைப் பக்கத்தில் வையுங்கள். இரும்புக் கூடு, தட்டையான விளிம்பு, பின்னால் பெரிய காந்தம். இதில் அந்தச் சுவர் இல்லை. எந்தக் காரிலும் மாட்ட வேண்டும் என்பதற்காக அப்படித் தட்டையாகச் செய்கிறார்கள். அதாவது, கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றும்போது அதோடு ஒட்டிப் பிறந்த ஸ்பேசரையும் சேர்த்தே கழற்றிவிடுகிறீர்கள். அதைத் திரும்ப வைப்பதுதான் நாம் செய்யப் போகும் வேலை.

வைக்காவிட்டால் என்ன ஆகும்? கண்ணாடி காந்தத்தில் இடிக்கலாம். இடிக்காவிட்டாலும், ஸ்பீக்கர் டோர் பேடிலிருந்து (கதவின் உள்பக்க மூடியிலிருந்து) இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடும். அதன் சத்தத்தில் ஒரு பங்கு, பேடில் உள்ள வலை போன்ற கிரில் வழியாக வெளியே வராமல், பேடுக்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய்ச் சுற்றும். பேடை அதிர வைத்து, கிளிப்புகளைக் கடகடவென்று ஆட வைப்பது அந்தச் சத்தம்தான்.

அடுத்தது காற்றுக் கசிவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சந்திக்க வழி கிடைத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ட்வீட்டர் என்னும் சின்ன ஸ்பீக்கர் எழுப்பும் மெல்லிய கூர்மையான சத்தங்களுக்கு அலைநீளம் சில சென்டிமீட்டர்தான் என்பதால் அவற்றை இது அதிகம் பாதிப்பதில்லை. 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அந்த நீளத்தோடு ஒப்பிட்டால் 6.5 இன்ச் ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் ஒரே இடம் மாதிரிதான். அதனால் தவில், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பேஸ் கிடார் எல்லாம் காணாமல் போய்விடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்து, ஒயர் இணைத்து, மெதுவாகப் பாட விடுங்கள். சின்ன ரேடியோ போலக் கீச்சென்று கேட்கும். பிறகு பெரிய அட்டை ஒன்றில் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். அதே பாட்டில் இப்போது அடிச்சத்தம் வரும். நம் ஊர் டீக்கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்டார்களே, அதில் இருந்த சூட்சுமமும் இதுதான். பின்பக்கச் சத்தத்தைப் பானை தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. காரில் அந்தப் பானை நம் கதவு. பானை வாய்க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் பானை வைத்தும் பயனில்லை.

கதவின் உள்தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. ஓட்டையைச் சுற்றி மேடும் பள்ளமுமாக அச்சடித்திருப்பார்கள். தட்டையான இரும்பு விளிம்பை அதன் மேல் நேராக வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கினால், ஸ்க்ரூ இருக்கும் நான்கு இடத்தில் ஒட்டும், நடுவில் எல்லாம் வாய் பிளந்து நிற்கும். போதாததற்குத் தகரமும் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஆடும். கனமான ரிங் ஒன்று தகரத்தோடு இறுகப் பிணைந்தால் இந்த இரண்டு குறையும் ஒரே அடியில் தீரும். அதனால்தான் கண்ணாடிக்கு இடம் இருந்தாலும் ரிங் வேண்டும் என்கிறேன்.

இனி அளவு. தயவுசெய்து ரிங்கை வாங்கிவிட்டு அளக்காதீர்கள். டோர் பேடைக் கழற்றி, அளந்து, அப்புறம் ரிங்கை வெட்டுங்கள். பேடைக் கழற்றும்போது கைப்பிடிக் குழிக்குள்ளும் கதவு திறக்கும் லீவருக்குப் பின்னாலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகே கிளிப்புகளை இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பியைப் பயன்படுத்துங்கள். நான்கைந்து கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய காரில் எப்படியும் ஒன்றிரண்டு உடையும்.

கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். பழைய ஸ்பீக்கரை எடுத்த ஓட்டை வழியாகப் பார்த்தால் கண்ணாடியின் கீழ்விளிம்பும், அதைத் தூக்கி இறக்கும் மெஷினின் கம்பியோ கையோ தெரியும். ஓட்டையின் குறுக்கே இரும்பு ஸ்கேலைப் படுக்கப் போட்டு, அதிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஓட்டையின் நடுவில் மட்டும் அளப்பது. உங்கள் ஸ்பீக்கரின் காந்தம் 90 அல்லது 100 மி.மீ. அகலம் இருக்கலாம். கதவுக்குள் கண்ணாடி தகரத்துக்கு இணையாக நிற்பதும் இல்லை, லேசாகச் சாய்ந்திருக்கும். நடுவில் 55 மி.மீ. கிடைக்கும் இடத்தில், காந்தத்தின் மேல்விளிம்பு வரும் இடத்தில் 50தான் கிடைக்கும். முதலில் இடிப்பது அந்த விளிம்புதான். மேலே, கீழே, இடது, வலது நான்கு இடத்திலும் அளந்து, இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கதவுக் கண்ணாடி தட்டையானது அல்ல, வெளிப்பக்கமாக வளைந்தது. இறங்கும்போது வளைந்த பாதையில் இறங்கும். முழுவதும் இறங்கி நிற்கும்போது இருக்கும் இடைவெளியும் பாதி வழியில் இருக்கும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு நிலையிலும் பாருங்கள். கண்ணாடியைக் கையால் உள்பக்கம் லேசாகத் தள்ளியும் பார்க்க வேண்டும். குழியான ரோட்டில் போகும்போது பாதி இறங்கிய கண்ணாடி அந்த அளவுக்கு ஆடும்.

கணக்கு எளிது. ஸ்பீக்கர் பெட்டியில் மவுண்டிங் டெப்த் என்று ஒரு எண் இருக்கும். விளிம்பின் அடிப்பக்கத்திலிருந்து காந்தத்தின் பின்முனை வரை உள்ள தூரம் அது. அதோடு 6 மி.மீ. பாதுகாப்புக்குச் சேருங்கள். அதிலிருந்து நீங்கள் அளந்த இடைவெளியைக் கழியுங்கள். ஸ்பீக்கர் ஆழம் 62, பாதுகாப்பு 6, கண்ணாடி வரை 50 என்றால், 68-லிருந்து 50 போக 18 மி.மீ. ரிங் வேண்டும். பிளைவுட் 18 மி.மீ.யில் கடையில் கிடைப்பதால் நேராக அதையே வாங்கிவிடலாம். கணக்கில் 14 வந்தால் 12 போதும் என்று குறைக்காதீர்கள். 12-ம் 3-ம் ஒட்டி 15 ஆக்குங்கள், அல்லது முன்பக்கம் இடம் இருந்தால் 18 போடுங்கள்.

அந்த முன்பக்க இடத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரிங்கின் தடிமன் கூடக் கூட ஸ்பீக்கர் டோர் பேடை நோக்கி முன்னால் வரும். ஒரு கட்டத்துக்கு மேல் கிரிலின் உள்பக்கத்தில் முட்டும். பேட் கிளிப் உட்காராது. கையால் குத்தி உட்கார வைத்தாலும் சில வாரத்தில் பிதுங்கிவிடும். கோஆக்சியல் ஸ்பீக்கரில் நடுவில் துருத்தி நிற்கும் ட்வீட்டர்தான் முதலில் முட்டும். காம்பொனென்ட் செட்டில் ட்வீட்டர் தனியாக இருப்பதால், கோனின் ரப்பர் விளிம்பு முன்னால் வந்து போகும் தூரத்துக்கு இடம் விட வேண்டும்.

இதை அளக்க ஸ்கேல் உதவாது. குழந்தைகள் விளையாடும் களிமண், அதான் கிளே, அதுதான் கைகொடுக்கும். பழைய ஸ்பீக்கர் இருந்த ஓட்டையை ஒரு அட்டையால் மூடி, அதன் நடுவில் களிமண்ணைக் கூம்பாக வைத்து, டோர் பேடை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்துங்கள். எடுத்துப் பார்த்தால் கிரில் களிமண்ணை எந்த உயரத்துக்கு அமுக்கியிருக்கிறது என்று தெரியும். அட்டையின் தடிமனையும் சேர்த்தால் தகரத்திலிருந்து கிரில் வரை உள்ள உயரம் கிடைத்துவிடும். அது 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரிங் 18, விளிம்பின் அடியிலிருந்து ட்வீட்டர் நுனி வரை 15, மொத்தம் 33. மிச்சம் 7 இருக்கிறது, தாராளம். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் யோசிக்க வேண்டும். ஒட்டப்போகும் ஃபோமும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை என்றால் ஸ்பேசர் அதைத் தீர்க்காது. வாங்கிய ஸ்பீக்கரைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்து, ஆழம் குறைந்த ஸ்லிம் மாடல் வாங்குங்கள். நியோடிமியம் காந்தம் உள்ளவை பின்பக்கம் மிகவும் சின்னதாக இருக்கும், விலைதான் கூடுதல். டோர் பேடை அறுத்து ஸ்பீக்கரை வெளியே கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், ஒரு இரவு பொறுத்திருந்து முடிவெடுங்கள். அறுத்த பேடைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஒரு சிறு குறிப்பு, வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு. டொயோட்டா கொரோலா போன்ற சில கார்களின் முன் கதவில் 6-க்கு 9 இன்ச் நீள்வட்ட இடம் இருக்கும். அங்கே ரிங்கின் வெளிவடிவம் நீள்வட்டமாகவும் உள்ஓட்டை வட்டமாகவும் இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோவில் கம்பெனி ஸ்பீக்கரை ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். ரிவெட் தலையை டிரில்லால் எடுத்த பிறகே கழற்ற முடியும்.

பொருள் விஷயத்துக்கு வருவோம். கதவின் உட்புறம் நனைகிற இடம். கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் பட்டையைத் தாண்டி மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது கண்ணாடி வழியாக வழிந்து கதவின் அடியில் உள்ள ஓட்டைகளில் வெளியேறும்படிதான் காரையே வடிவமைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வருவது பழுது அல்ல, எல்லாக் காரிலும் அப்படித்தான். ஸ்பீக்கர் ஓட்டை அந்த ஓடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எம்.டி.எஃப் வெட்ட மிக எளிது. ஓரம் சுத்தமாக வரும், உள்ளே முழுக்க ஒரே சீராக இருக்கும், எங்கேயும் பொந்து இருக்காது. வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டிக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். கதவுக்குச் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் என் மச்சான் காருக்கு எம்.டி.எஃப் ரிங் வெட்டி, பூச்சு எதுவும் அடிக்காமல் மாட்டிக் கொடுத்தேன். புரட்டாசியில் போட்டது, கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் வந்தபோது, "மாப்பிள்ளை, பேஸ் குறைந்துவிட்டது, ஏதோ கரகரவென்று ஒரு சத்தம் வேறு வருகிறது" என்றார். பேடைக் கழற்றிப் பார்த்தால் ரிங்கின் கீழ்ப்பாதி பிஸ்கட் தண்ணீரில் ஊறியது மாதிரி உப்பிப் போயிருந்தது. ஸ்க்ரூவைக் கையாலேயே உருவ முடிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அந்த வாரமே வேறு ரிங் செய்து மாற்றினேன்.

எம்.டி.எஃப்தான் கையில் இருக்கிறது என்றால், வெட்டி, ஸ்க்ரூ ஓட்டைகளையும் போட்ட பிறகு, எபாக்ஸி ரெசினையோ பி.யு. வார்னிஷையோ முன், பின், ஓரம், ஓட்டைகளின் உள்பக்கம் எல்லாம் இரண்டு மூன்று கை அடிக்க வேண்டும். பூச்சுக்குப் பிறகு புதிதாக ஓட்டை போட்டால் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும்.

மரத்தில் செய்வதானால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண வேலைகளுக்கு உள்ளது. ஒரு முழு ஷீட் தேவையில்லை. பக்கத்தில் வேலை நடக்கும் ஆசாரியிடம் கேட்டால் 18 மி.மீ. வெட்டுத் துண்டு கிடைக்கும், இரண்டு ரிங்குக்கு அது போதும். இதற்கும் ஓரத்தில் பூச்சு வேண்டும். அடுக்குகளின் வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் ஏறும்.

இப்போது நான் பெரும்பாலும் பயன்படுத்துவது கெட்டியான பி.வி.சி. பலகை. கடைகளில் மல்டிவுட் என்றும் டபிள்யூ.பி.சி. என்றும் சொல்வார்கள். சமையலறை அலமாரி, குளியலறைக் கதவு செய்யும் அதே பலகைதான். தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது, மர வேலைக் கருவிகளாலேயே வெட்டலாம். ஆனால் இதில் அடர்த்தி பலவிதம். நகத்தால் அழுத்தினால் குழி விழும் ரகம் வேண்டாம், ஸ்க்ரூ பிடிக்காது. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் மெல்லிய சன்போர்டும் இதுவும் ஒன்றல்ல. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை இருக்கிறதே, அந்த வகை ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கும் அருமையானது, உறுதியானது. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது என்பது மட்டும் குறை. போல்ட் போட்டு, நடுவில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து நெருக்கினால் அந்தக் குறை தெரியாது.

காருக்கென்றே அச்சடித்து வரும் ரெடிமேட் பிளாஸ்டிக் ரிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாடலுக்கென்று வருவதானால் வாங்கலாம். கம்பெனி ஓட்டைகளிலேயே உட்காரும், தகரத்தில் புதிய ஓட்டை போட வேண்டியதில்லை. "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று வருவதில்தான் ஜாக்கிரதை வேண்டும். பத்துப் பதினைந்து ஸ்க்ரூ ஓட்டை இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு காற்றுக் கசிவு. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். வளைந்தால் ஸ்பீக்கர் பாடும்போதும் வளையும். பின்பக்கம் திருப்பினால் உள்ளே வெறும் விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டங்கள், நடுவில் காலி. அந்தக் காலி இடங்களை பியூட்டில் ஷீட் துண்டுகளால் அடைத்து, பயன்படாத ஓட்டைகளையும் மூடினால் ஓரளவு நல்ல ரிங்காக மாறிவிடும். நான் அப்படிச் செய்து திருப்தியாக ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் உண்டு.

3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அளவெடுத்து அச்சடிப்பது சுகமான வழி. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கதவு அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடியது. ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். 100 டிகிரி வரை தாங்கும், பி.இ.டி.ஜி. 80 வரை. உள்ளே காலியாக விடாமல் நன்றாக நிரப்பி அச்சடிக்கச் சொல்லுங்கள்.

வெட்டும்போது உள்வட்டம் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள கட்அவுட் அளவு. 6.5 இன்ச்சுக்குப் பெரும்பாலும் 140 மி.மீ.யை ஒட்டி வரும். உங்கள் மாடலின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டம் ஸ்பீக்கர் விளிம்பைவிடப் பெரிதாக, பழைய ஸ்பீக்கரின் ஸ்க்ரூ ஓட்டைகளையும் மூடும் அளவுக்கு இருந்தால் நல்லது. ஜிக்சா போதும். ரவுட்டர் இருந்தால் வட்டம் சுத்தமாக வரும். வெட்டியபின் உள்வட்டத்தின் பின்ஓரத்தை 45 டிகிரி சரிவாகச் சீவிவிடுங்கள். 18 மி.மீ. ரிங் என்பது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரங்கம் மாதிரி. கூட்டின் ஜன்னல்கள் அந்தச் சுவரை ஒட்டி நின்றால் பின்பக்கக் காற்று மூச்சு முட்டும். முன்பக்கம் ஸ்க்ரூ பிடிக்க 8 மி.மீ. விட்டுவிட்டு மீதியைச் சரித்தால் காற்று தடையில்லாமல் போய்வரும். பத்து நிமிட வேலை, கடைகளில் யாரும் செய்து தருவதில்லை. நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் உண்டு. ரிங் தகரத்தோடு தனியாக இறுக வேண்டும், ஸ்பீக்கர் ரிங்கோடு தனியாக இறுக வேண்டும். நீளமான ஸ்க்ரூவை ஸ்பீக்கர், ரிங், தகரம் மூன்றையும் துளைத்து ஓட்டுவது வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வழிதான். ஆனால் மெல்லிய தகரம் நாளடைவில் மரை விட்டுப் போகும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், பின்னால் நீட்டிய நுனி கண்ணாடியில் கோடு போட்டாலும் போடும். ரிங்குக்கு 5 மி.மீ. போல்ட் நான்கு, தலை ரிங்குக்குள் புதையும்படி. பின்னால் வாஷரும் நைலான் பூட்டு உள்ள நட்டும். கை நுழையாத இடத்தில் ரிவெட் நட்டு போடலாம். போல்ட் ஓட்டைகளும் ஸ்பீக்கர் ஸ்க்ரூ ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் ரிங்கைக் கொஞ்சம் சுழற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

தகரத்தில் டிரில் போடும்போது கண்ணாடி மேலே ஏறியிருக்க வேண்டும். அளக்க இறக்கியதை ஏற்ற மறந்து டிரில் போட்டால் அவ்வளவுதான். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கதவுக்குள் உள்ள காற்றழுத்த மாற்றத்தை வைத்து உணரும் சென்சார் இருக்கிறது. அது ஏர்பேக்கோடு தொடர்புடையது. அப்படிப்பட்ட காரில் உள்தகரத்தில் பெரிய ஓட்டை எதையும் புதிதாக வெட்டக் கூடாது. டிரில் போட்டதும் ஓட்டை ஓரத்தில் பெயிண்ட் தொட்டுவிடுங்கள், இல்லையென்றால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பிறகு இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் அதைத் தேடி இழுக்கும். கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளிக்குள் ஒரு துகள் போனாலும் கரகரப்பு வந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. வேக்குவம் பிடித்து, ஒரு துணியில் சுற்றிய பழைய காந்தத்தால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அதன் பிறகே ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

ரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் பியூட்டில் கயிறோ டேப்போ ஒரு சுற்று. ரிங்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சாத மூடிய அறை ஃபோம் டேப் ஒரு சுற்று. சோபாவுக்குப் போடும் சாதாரணப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு ரிங்கை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும், அது வேண்டாம். ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முழு பலத்தோடு முடுக்கினால் மெல்லிய இரும்புக் கூடு திருகிக்கொண்டு காயில் உரசும்.

ஒயரைப் பொறுத்தவரை, ஒயர் முனையில் உள்ள கம்பெனி கப்ளரை வெட்டாமல் மாற்றுக் கப்ளர் வாங்கிப் போடுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் தகரத்தில் படாத பக்கமாகத் திருப்பி வையுங்கள், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவை மாட்டிச் சுருக்கிவிடுங்கள். கார் ஸ்டீரியோவின் இரண்டு ஸ்பீக்கர் ஒயரிலும் பேட்டரியின் பாதி, அதாவது 6 முதல் 7 வோல்ட் இருக்கும். ஒன்று எர்த் என்று நினைத்துவிடக் கூடாது. எது பாடியில் பட்டாலும் ஷார்ட்தான்.

கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். காருக்குள் தண்ணீர் வராமல் தடுப்பது அதுதான். ரிங் வரும் இடத்துக்கு மட்டும் வட்டமாக வெட்டி, ஓரத்தை பியூட்டிலால் திரும்ப ஒட்டுங்கள். பட்ஜெட் இருந்தால் அந்தத் தாளுக்குப் பதிலாக உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை எல்லாம் அதிர்வைத் தணிக்கும் டேம்பிங் ஷீட்டால் மூடுங்கள். ரிங்குக்கு அடுத்தபடியாக சத்தத்தில் தெளிவான மாற்றம் தருவது இதுதான். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. ஸ்பீக்கரின் பின்னால் கிண்ணம் மாதிரி மாட்டும் ஃபோம் கப்பை முழுதாகப் போட்டால் பேஸ் குறையும். தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்பதால், கீழ்ப்பாதியை வெட்டி எடுத்துவிட்டு மேல்பாதியைக் குடை மாதிரி வைத்தால் போதும்.

பேடை மூடும் முன், ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றி மென்மையான ஃபோம் வளையம் ஒன்று ஒட்டுங்கள். அது கிரிலின் பின்பக்கம்வரை எட்டி லேசாக அமுங்க வேண்டும். இடுக்கில் போய்ச் சுற்றும் சத்தம் என்று முன்னால் சொன்னேனே, அதை அடைப்பது இந்த வளையம்தான். ரிங்கால் வந்த பலனில் நல்ல பங்கு இது இல்லாவிட்டால் வீணாகும்.

பின்கதவை முன்கதவின் அளவை வைத்துச் செய்யாதீர்கள், அங்கே எல்லாமே வேறு. என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருக்கும்போது பின்கதவை அப்படியே விட்டுவிட்டு முன்னால் இரண்டு கதவையும் முழுதாகச் செய்வேன்.

உங்கள் காருக்கு இப்போதைக்கு நான் சொல்வது, கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் பக்கக் கதவை மட்டும் கழற்றி, மேலே சொன்ன இரண்டு அளவையும் (கண்ணாடி வரை உள்ளது, கிரில் வரை உள்ளது) ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்துச் செய்வதானாலும் அந்தத் தாளோடு போங்கள். மாட்டி முடித்ததும், பேடைப் பூட்டும் முன், அவர்கள் கண் முன்னாலேயே கண்ணாடியை நான்கைந்து முறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம் போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, 200 ஹெர்ட்ஸிலிருந்து 50 வரை மெதுவாக இறக்கிக்கொண்டே, ஈரக் கையை ரிங்கின் விளிம்பைச் சுற்றி நகர்த்துங்கள். எங்காவது காற்று சில்லென்று பட்டால் அந்த இடத்தில் ஃபோம் சரியாக அமரவில்லை. கழற்றி இன்னொரு சுற்று ஒட்டிவிட்டுப் பேடை மூடுங்கள்.